ஏழு பேர் போக ஒரு வண்டி: மைலேஜை எப்படிப் பார்ப்பது?

வீட்டில் ஆறு பேர், ஏழு பேர் என்று இருப்பவர்கள் வண்டி வாங்கக் கிளம்பினால் முதலில் வரும் கேள்வி "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். கேட்டதும் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். பெரிய வண்டி என்றாலே பெட்ரோலைக் குடிக்கும் என்பார் ஒருவர், டீசல் எடுத்துவிட்டால் கவலையே இல்லை என்பார் இன்னொருவர், எஞ்சின் சின்னதா என்று மட்டும் பார், போதும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இவற்றை மட்டும் நம்பி எடுத்த வண்டியை அப்புறம் பத்து வருடம் வைத்து ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் எரிபொருள் உண்மையில் எங்கே செலவாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை, கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

## மைலேஜ் எண் ஏமாற்றும் இடம்

ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் மைலேஜ் என்கிறோம். இந்த எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. 20 கி.மீ. கொடுக்கும் வண்டியை விட்டுவிட்டு 25 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் பெரிய லாபம் போலவும், 8 கொடுப்பதை விட்டுவிட்டு 10 கொடுப்பதற்கு மாறினால் ஏதோ சில்லறை லாபம் போலவும் நமக்குத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் தலைகீழாக இருக்கும். முதல் மாற்றத்தில் 100 கி.மீ. ஓட 5 லிட்டர் ஆனது 4 லிட்டராகிறது, மிச்சம் 1 லிட்டர். இரண்டாவது மாற்றத்தில் 12.5 லிட்டர் ஆனது 10 லிட்டராகிறது, மிச்சம் 2.5 லிட்டர்! அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இருவர் 2008ல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். எண்ணை இந்த வடிவில் கொடுத்தால் மக்கள் மிச்சத்தைத் தவறாகவே கணிக்கிறார்கள் என்று காட்டினார்கள்.

பெரிய குடும்பத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், நாம் பார்க்கப் போகும் வண்டிகள் எல்லாமே குறைந்த மைலேஜ் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம்கூடப் பெரிய வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் என்ன?" என்று விட்டுவிடாதீர்கள், 100 கி.மீ.க்கு 1.7 லிட்டர் அதில் போகிறது.

ஆகவே எந்த வண்டியைப் பார்த்தாலும் 100ஐ அதன் மைலேஜால் வகுத்து, 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் பேசப் போகிறோம்.

## எரிபொருள் எங்கே போகிறது?

சாமான் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் வண்டியை நகர்த்தத்தான் மூச்சு வாங்கும். உருள ஆரம்பித்துவிட்டால் லேசாகத் தள்ளிக்கொண்டே போகலாம். வழியில் யாராவது குறுக்கே வந்து நிறுத்த வேண்டி வந்தால் மறுபடி முதலிலிருந்து மூச்சைப் பிடிக்க வேண்டும். சரி, இப்போது அந்த வண்டியின் முன்னால் ஆளுயரப் பலகை ஒன்றைக் கட்டி, எதிர்க்காற்றில் ஓட்டமாகத் தள்ளிப் பாருங்கள். உருளும்போது லேசாக இருந்த அதே வண்டி இப்போது ஒவ்வொரு அடிக்கும் உங்களை எதிர்க்கும்.

காரிலும் இந்த மூன்றுதான். நின்ற வண்டியை வேகத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. இது எடையைப் பொறுத்தது. டயர் அழுந்தி அழுந்தி உருள்வதால் ஏற்படும் இழுப்பு இரண்டாவது, இதற்கு உருளல் தடை என்று பெயர், இதுவும் எடையைப் பொறுத்ததுதான், டயரில் உள்ள காற்றையும் பொறுத்தது. மூன்றாவது காற்றுத்தடை. வண்டியின் முகம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எவ்வளவு வழவழப்பான வடிவம் என்பதையும், எல்லாவற்றுக்கும் மேலாக வேகத்தையும் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்கு ஆகும். 80 கி.மீ. வேகத்தில் இருந்து 120க்குப் போனால் காற்று எதிர்க்கும் விசை 2.25 மடங்கு.

இதில் முதல் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நகருக்குள் ஓட்டுபவர்களுக்குப் பணம் கரையும் இடம் அதுதான். ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ இருக்கும் வண்டி, சிக்னலில் நின்று, மறுபடி 50 கி.மீ. வேகத்துக்கு வருகிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதி எஞ்சினில் வெப்பமாகவே போய்விடுவதால், நான்கில் ஒரு பங்கு சக்கரம் வரை வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு முறை வேகமெடுப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 25 மில்லி பெட்ரோல் ஆகும். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அது அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகி முடிந்துவிடும். இப்படி நாற்பது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி, அதுவும் உருளல் தடை, காற்றுத்தடை, ஏசி எதையும் சேர்க்காமல்.

சுருக்கமாக: நகருக்குள் எதிரி எடை, நெடுஞ்சாலையில் எதிரி வடிவமும் வேகமும். உங்கள் ஓட்டம் எங்கே அதிகம் என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய வண்டியே மாறும்.

## ஆள் ஏற ஏற மைலேஜ் விழுமா?

விழும், ஆனால் பலர் நினைப்பதைவிட மிகக் குறைவாக. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்லும் தோராயக் கணக்கு இது: 45 கிலோ கூடினால் சுமார் 1 சதவீதம் மைலேஜ் குறையும். இருவர் போகும் வண்டியில் இன்னும் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையும். ஆள் எண்ணிக்கையோ இரண்டிலிருந்து ஏழாகிவிட்டது. எரிபொருளில் பெரும்பகுதி வண்டி தன்னையே இழுத்துக்கொண்டு காற்றைக் கிழித்துப் போவதற்குத்தான் ஆகிறது, நம்மைச் சுமப்பதற்கு ஆவது கொஞ்சம்தான்.

அதனால்தான் "பெரிய வண்டி பெட்ரோல் குடிக்கும்" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் சின்னக் கார் இரண்டில் குடும்பம் பிரிந்து போனால் 100 கி.மீ.க்கு 11.1 லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு 11 கி.மீ.தான் ஓடும் பெரிய வேன் ஒன்றில் எல்லோரும் போனால் 9.1 லிட்டர். ஏழு பேர் என்றால் தலைக்கு 1.3 லிட்டர். ஆனால் அதே வேனில் ஒருவர் மட்டும் தினமும் வேலைக்குப் போய் வந்தால் அந்த 9.1 லிட்டரும் அந்த ஒருவர் கணக்கில்தான், சின்னக் காரில் போயிருந்தால் 5.6 லிட்டரில் முடிந்திருக்கும்.

## வருடக் கணக்கைப் போடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு குடும்பம் வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓடுகிறது. அதில் 12,000 கி.மீ. ஒருவரோ இருவரோ போவது, 3,000 கி.மீ. எல்லோரும் சேர்ந்து போவது. 11 கி.மீ. கொடுக்கும் வேன் ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டினால் வருடத்துக்கு 1,364 லிட்டர். 18 கொடுக்கும் சின்னக் காரில் தினசரி ஓட்டமும், கூட்டாகப் போகும்போது அதே மாதிரி இரண்டு காரும் என்றால் 1,000 லிட்டர். சின்னக் கார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டாகப் போகும் 3,000 கி.மீ.க்கு வேனை வாடகைக்கு எடுத்தால் 940 லிட்டர்தான்.

இப்போது ஓட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று 12,000 கி.மீ. வண்டி நிறைந்தே ஓடுகிறது, 3,000 மட்டுமே தனி ஓட்டம். வேனுக்கு அதே 1,364 லிட்டர். இரண்டு சின்னக் கார்களுக்கு 1,500 லிட்டர். வண்டிகள் மாறவில்லை, குடும்பம் ஓடும் விதம் மாறியதும் பதில் மாறிவிட்டது. (15 கி.மீ. கொடுக்கும் ஹைபிரிட் வேன் என்றால் இரண்டு கணக்கிலும் 1,000 லிட்டர். இதற்கு அப்புறம் வருகிறேன்.)

ஆக, ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம் வீட்டில் யார் யார், எத்தனை பேராக, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளைவிட நல்ல ஆலோசனை வேறு யாரிடமும் கிடைக்காது.

## பெட்ரோலா, டீசலா, ஹைபிரிட்டா?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டிதான் ஹைபிரிட். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் என்று மேலே பார்த்தோமே, அதில் ஒரு பகுதியை இது மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்து, மறுபடி கிளம்பும்போது அதையே பயன்படுத்தும். நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். எடை அதிகமாக இருக்கும் வண்டியில்தான் பிரேக்கில் வீணாவதும் அதிகம், அதனால் இந்த ஏற்பாட்டின் பலன் பெரிய குடும்ப வண்டியில் நன்றாகத் தெரியும். டொயோட்டா சியன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வரை அமரும் வேன். 2021 மாடலிலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சோதனையில் பழைய வி6 எஞ்சின் சியன்னா லிட்டருக்குச் சுமார் 9 கி.மீ. கொடுத்தது, நகருக்குள் 8ஐ ஒட்டி. ஹைபிரிட்டாக மாறியதும் நகரிலும் நெடுஞ்சாலையிலும் 15 கி.மீ. அளவும் கிட்டத்தட்ட அதே அளவு, வேலையும் அதே வேலை. 100 கி.மீ.க்கு 4 லிட்டருக்கு மேல் மிச்சம்.

நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுபவர்களுக்கு ஹைபிரிட்டின் லாபம் குறையும், ஏனென்றால் பிரேக்கே பிடிக்காதபோது சேமிக்க ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு டீசல் இன்னும் நல்ல தேர்வுதான். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிக ஆற்றல் இருக்கிறது, எனவே டீசல் மைலேஜ் அதிகமாகத் தெரிவதில் ஒரு பங்கு எரிபொருளின் குணம், எஞ்சினின் திறமை மட்டும் இல்லை. அடுத்து, இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். அந்தக் கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் சூடாக, சீரான வேகத்தில் ஓட வேண்டும். பக்கத்துத் தெரு, பள்ளி, கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். தினமும் சின்னச் சின்ன ஓட்டம் உள்ள வீட்டுக்கு டீசல் வேண்டாம் என்பேன்.

வீட்டில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட்டில் அறிவிக்கப்படும் எண்கள் கண்ணைப் பறிக்கும். தினமும் சார்ஜ் செய்பவருக்கு அது ஓரளவு உண்மையாகும், செய்யாதவருக்குக் கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் வண்டிதான். ஐரோப்பிய ஆணையம் 2024ல் வெளியிட்ட அறிக்கையில், சாலையில் உண்மையாக ஓடிய பிளக்-இன் வண்டிகள் ஆய்வக எண்ணைவிடச் சராசரியாக 3.5 மடங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டது தெரிந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிகளில் அந்த இடைவெளி சுமார் 20 சதவீதம்தான். முழு மின்சார வண்டியில் மூன்று வரிசை இருக்கைகளோடு சில மாடல்கள் வந்துவிட்டன. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம்.

சின்ன எஞ்சின் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான வண்டியில் மிகச் சின்ன டர்போ எஞ்சினைப் போட்டால், இருவர் போகும்போது நல்ல மைலேஜ் வரும். ஏழு பேரோடு மேடு ஏறும்போது அது முழு மூச்சாக உழைக்க வேண்டியிருப்பதால் எரிபொருளும் சரசரவென்று இறங்கும். சின்னது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

## மூன்றாவது வரிசையும் டிக்கியும்

"ஏழு சீட்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிட்டு, அப்புறம் மூன்றாவது வரிசையில் வளர்ந்தவர் உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வருவதைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். எஸ்.யூ.வி.க்களில் இது அதிகம், ஏனென்றால் தரை உயரமாக இருப்பதால் பின்னால் கால் வைக்க ஆழம் கிடைக்காது. தரை தாழ்ந்த வேன் வகை வண்டிகளில், அதாவது எம்.பி.வி. என்கிறார்களே அவற்றில், அதே நீளத்துக்குள் இடம் அதிகம். என்னைக் கேட்டால் கரடுமுரடான பாதையில் ஓட்டும் தேவை இல்லாத பெரிய குடும்பத்துக்கு எம்.பி.வி.தான் சரி. நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி தேவைப்படாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள், வீண் எடை.

இது மைலேஜ் கட்டுரையில் ஏன் வருகிறது? மூன்றாவது வரிசையை விரித்ததும் பல வண்டிகளில் டிக்கியில் ஒரு பை வைக்கத்தான் இடம் இருக்கும். பெட்டிகள் எல்லாம் கூரைக்குப் போகும். கூரையில் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் போனால் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையும் என்று அதே அமெரிக்க அரசுத் தளம் சொல்கிறது. ஐந்து பேர் கூடுதலாக ஏறினால் ஆவதைவிட ஒரு கூரைப் பெட்டியால் ஆகும் இழப்பு அதிகம்! ஆளும் சாமானும் உள்ளேயே அடங்கும் கொஞ்சம் பெரிய வண்டி, கூரையில் மூட்டை கட்டிய சின்ன வண்டியைவிட நெடுஞ்சாலையில் குறைவாகக் குடிக்கலாம்.

## கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணில் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், சிலவற்றில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். டயர் காற்றழுத்தம் அதில் பல வண்டிகளில் இரண்டு வரிசையாகப் போட்டிருக்கும்: ஓரிருவர் போகும்போது ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்து போகும்போது அதைவிட அதிகமாக ஒன்று. இந்த இரண்டாவது எண்ணை யாரும் கவனிப்பதே இல்லை. நிறைந்த வண்டியைக் குறைந்த காற்றில் ஓட்டினால் டயர் அதிகமாக அழுந்தி உருளல் தடை கூடும், டயரும் சூடாகும், அது ஆபத்து.

வண்டி எத்தனை கிலோ சுமக்கலாம் என்பதையும் பாருங்கள், அதே சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட சுமை வரம்பு அது. ஏழு பேருக்குத் தலைக்கு 70 கிலோ என்றால் 490 கிலோ, ஆளுக்கு 15 கிலோ சாமான் என்றால் இன்னும் 105. மொத்தம் 595. ஏழு இருக்கை இருந்தும் இந்த எடைக்கு அனுமதி இல்லாத வண்டிகள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் இந்த எண்ணைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, நீங்கள் கேளுங்கள்.

## அறிவித்த எண்ணும் உங்கள் எண்ணும்

நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஒரு குறிப்பிட்ட முறைப்படி ஓட்டி எடுப்பது. ஐரோப்பாவில் முன்பு இருந்த என்.இ.டி.சி. முறையில் சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ. அளவுதான், மெதுவாக வேகமெடுப்பார்கள், எண் அழகாக வரும். 2017லிருந்து அதன் இடத்துக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. முறை நிஜத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. எனவே இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஒரே முறையில் எடுத்ததா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் இதில் எளிதாக ஏமாறுவார்கள். தவிர, சோதனையில் ஏழு பேரை ஏற்றுவதில்லை. அமெரிக்க முறையில் வண்டியின் எடையோடு 136 கிலோ மட்டுமே சேர்க்கிறார்கள், அதாவது இரண்டு பேர் அளவு.

உங்கள் எண்ணை நீங்களே எடுப்பதற்கு டேங்க் டு டேங்க் முறை போதும். பங்க்கில் குழாய் தானாக 'டக்' என்று நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை, முடிந்தால் அதே பங்க்கில், அதே மாதிரி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரை நூறால் பெருக்கி, இடையில் ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம், குழாய் நிற்கும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நான்கைந்து டேங்க்கின் சராசரி எடுங்கள். ஆள் நிறைந்து போன ஓட்டத்தைத் தனியாகவும் தனி ஓட்டத்தைத் தனியாகவும் குறித்தால், மேலே சொன்ன வருடக் கணக்கில் என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.